தேன் விலக்கிய இல்லமும் தேன்மெழுகும்



நேமிநாதர் முற்காலத்தில் கோயில் கொண்டிருந்த திருத்தலம் மயிலை. அதற்குச் சற்றுத் தொலைவிலுள்ள தியாகராய நகரின் பாண்டி பஜாரில் இன்று உதட்டுச் சாயம் வாங்கும் சமணப் பெண்மணி, இல்லத்தில் தேனைத் தொடாதவர். கள், ஊன், தேன் மூன்றையும் விலக்குதலோடு ஐந்து அணுவிரதங்களையும் சேர்த்து, இல்லறத்தார்க்குரிய எட்டு மூலகுணங்களாக இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வகுத்தார் சமந்தபத்திரர். ஆயினும், நாவுக்கு விலக்கிய தேனின் மெழுகு உதட்டில் ஏறிவிடக்கூடும்.

தேன்மெழுகு வேலைக்காரத் தேனீயின் வயிற்றடிச் சுரப்பிகளில் ஊறுவது. அதனால் கட்டிய அடையே தேனுக்குக் கலம், புழுக்களுக்குத் தொட்டில். அவ்வடையை உருக்கியே மெழுகு எடுக்கின்றனர். ஆகவே, தேனை விலக்கிய காரணம் மெழுகுக்கும் பொருந்தும்.

உறையில் அது 'பீஸ்வாக்ஸ்' அல்லது 'செரா ஆல்பா' எனக் குறிக்கப்படும். 'நேச்சுரல்' என்னும் சொல்லைக் கண்டு மயங்குதல் கூடாது; தேன்மெழுகும் இயற்கைப் பொருளே. மாறாக, 'சிந்தெடிக் வாக்ஸ்' எனப்படும் செயற்கை மெழுகில் தேனீயின் உழைப்பு இல்லை. 1920களில் ஜெர்மனியில் பிரான்ஸ் பிஷர், ஹான்ஸ் டிராப்ஷ் என்னும் அறிவியலாளர் இருவர் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் வினையூக்கியின் துணையால் இணைக்கும் முறையைக் கண்டனர். அம்முறையிலும் மெழுகு கிடைக்கிறது. சாயக்குச்சிக்கு உறுதி தருவதும், எண்ணெய் பிரியாமல் காப்பதும் அதன் பணி. தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 பாகை செல்சியஸில் உருகும். அதனினும் உயர்ந்த வெப்பத்தையே வேண்டும் செயற்கை மெழுகுகளும் உண்டு.

எனினும், செயற்கை யாவும் குற்றமற்றதன்று. அதன் மூலப்பொருள் பெரும்பாலும் நிலக்கரி, இயற்கை எரிவாயு, பெட்ரோலியம் ஆகியவை. முகம் தேய்க்கும் களிம்புகளில் நுண்மணிகளாகச் சேர்க்கப்பட்ட பாலிஎத்திலீன், கழுவிய நீரோடு அடையாற்று முகத்துவாரம் கடந்து கடல் சேருமாயின் நீர்வாழ் உயிர்க்கு ஊறாகும். செம்மை நிறத்துக்குச் சேர்க்கும் கார்மைனோ பூச்சியை உலர்த்தி எடுப்பது. மெழுகு செயற்கையாயினும் நிறம் உயிர்க்கொலையாகலாம். பனையிலை தரும் கார்னாபா போன்ற தாவர மெழுகுகள் மற்றொரு வழி. சவ்வரிசியைக் கருக்கிச் சாந்து கூட்டிய பாட்டியர், மெழுகின்றியே பொலிந்தனர்.

துறவியர் அமருமிடத்தை மயிற்பீலியால் மெல்ல வருடுவர். சிற்றுயிர் நசுங்கலாகாது என்பதே நோக்கம். இல்லறத்தார் கையில் பீலி இல்லை. கடையில் நின்று உறையின் உட்பொருட் பட்டியலை முழுதும் படிக்கும் அந்த ஒரு நிமிடமே அவர்தம் பீலி. பட்டியல் தெளிவு தராதபோது, வாங்காது திரும்புதலும் விரதமே.