அருச்சுனனின் கிரீடம்

பலாங்கொடையிலோ எட்டியாந்தோட்டையிலோ ஒரு தோட்டத்தில் அருச்சுனன் தவசு ஆடப்படும் இரவை எண்ணிப் பாருங்கள். காலையில் இறப்பர் மரத்திற் பால் வெட்டிய தொழிலாளி, இரவில் வில் விசயனாகிப் பாடிக்கொண்டே தவசு மரத்தில் ஏறுகின்றான். பாட்டு வாத்தியாரிடம் கற்றது. ஆட்டம் மூத்தோரிடம் கண்டது. தலையிலுள்ள கிரீடமோ, எங்கோ கண்ட படத்தை நினைவில் வைத்து அட்டையில் வெட்டி, மினுக்குத்தாள் ஒட்டிச் செய்தது. எந்தப் படம் என்பதே இங்கு வினா.

மலையகத்தின் மூத்த தலைமுறை அறிந்தவை, சென்னையில் இரத்தின நாயகர் அண்ட் ஸன்ஸ் முதலியோர் பதிப்பித்த ‘பெரிய எழுத்து’ப் புத்தகங்கள்: அல்லியரசாணி மாலை, பவளக்கொடி மாலை, விக்கிரமாதித்தன் கதை. எழுத்துக் கூட்டிப் படிப்போருக்காகவே அவற்றின் எழுத்துப் பெரிதாயிற்று. லயத்து வாசலில் ஒருவர் இராகமிட்டுப் படிப்பார். ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்பர். படங்கள் மரக்கட்டையிற் செதுக்கி அச்சிட்டவை. தடித்த கோடு, அகன்ற கண், அசையாத நிலை. அரசன் யார், ஏவலன் யார் என்பதை முகம் சொல்லாது, கிரீடமே சொல்லும்.

1947 ஜூலையில் ‘அம்புலிமாமா’ தோன்றியது. சித்ரா, சங்கர் என்னும் ஓவியர் இருவர் அதன் பக்கங்களை நிரப்பினர். சென்னை ஓவியப் பள்ளியிற் பயின்ற சங்கர் 2020 இல் மறைந்தார்; இதழும் இன்று வெளிவருவதில்லை. எனினும், தோளிற் பிணமும் கையில் வாளுமாக விக்கிரமாதித்தன் நடக்கும் அவரது ஓவியத்தைக் கண்டோர் மறவார். ஆடையின் மடிப்பு, தொலைவு, மயானத்து நிழல் யாவும் அதில் உண்டு. கட்டைப் படத்து விக்கிரமாதித்தனுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை.

இம்மாற்றத்தை வளர்ச்சி என்பாருடைய கூற்றை எளிதில் தள்ளலாகாது. 10 அடிக்கு 12 அடி லயத்து அறையில் வளர்ந்த சிறுவனுக்கு மாளிகையின் தூணையும் முற்றத்தையும் காட்டியது அத்தகைய படமே. பழைய கட்டைப் படம் அவனுக்கு என்ன காட்டியது? மறுசாரார் விடை வேறு. கட்டைப் படம் காட்டாததைக் கேட்போன் தானே நிரப்பினான் என்பர் அவர்.

இவ்வழக்குத் தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. 1974 இல் அமெரிக்காவில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டு நூல் வெளிவந்தது. சிலர் கூடியிருந்து, ஒருவர் கதை நடத்த, மற்றவர் வீரராகவும் மந்திரவாதியாகவும் பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் ஆட்டம் அது. ஒரு வகையில், அமர்ந்தாடும் கூத்து. முதல் நூல்களிற் கைபழகாதோரின் எளிய கோட்டுப் படங்களே இருந்தன. 1980களில் லாரி எல்மோர் போன்றோரின் வண்ண ஓவியங்கள் அவ்விடத்தைப் பிடித்தன. ஓவியம் உயர்ந்தது என்று ஒரு சாராரும், தம் வீரன் தமக்குரியவனாக இல்லாது போனான் என்று மறுசாராரும் இன்றும் வழக்காடுகின்றனர்.

பார்ப்பவனுக்குச் சங்கரின் படமே மேல், இதில் ஐயமில்லை. ஆடுபவனுக்கு அப்படியன்று. முற்றும் தீட்டிய ஓவியத்தின் பொற்கிரீடத்தைக் கண்டவன் தன் அட்டைக் கிரீடத்துக்கு நாணுவான். வாடகை உடைக்குப் பணம் தேடுவான். கிடையாத ஆண்டில் ஆட்டத்தையே விட்டுவிடவும் கூடும். கட்டைப் படத்துக் கிரீடமோ அட்டையிலும் அமையும். அவனுடைய கூலியில் ஆடத்தக்க கூத்துக்கு ஏற்ற படம் அதுவே.

ஆகையால் தவசுப் பாடல்களையும் காமன் பாடல்களையும் இப்போது நூலாக்க முனைவோர், அட்டையில் வண்ண அருச்சுனனை இட்டு மகிழட்டும். உள்ளே மட்டும் ஒரு கோட்டுப் படம் இருக்கட்டும். அதனருகே கிரீடத்துக்கு அட்டை எத்தனை விரல் அகலம் வேண்டும், எங்கே மடிக்க வேண்டும், எந்தப் பசை மழைத்தூறலில் விடாது என்பனவற்றையும் எழுதிவைக்கட்டும்.