மறந்துவிடாதே!

பிளஸ் டூ மாணவர்கள் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளைச் சட்டை முழுக்க நீல மை! வீட்டில் திட்டு நிச்சயம் என்று தெரிந்தேதான் ஒருவர்மேல் ஒருவர் தெளித்துக்கொள்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்த பிளஸ் டூ என்ற மேல்நிலைக் கல்வி 1978-இல்தான் வந்தது. அதற்கு முன் பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். பியூசி என்ற புகுமுக வகுப்பு படிக்கக் கல்லூரிக்குப் போகவேண்டும்.

அப்போதெல்லாம் பிரிவு உபசார நாளில் கலர் கலர் தாள் வைத்த ஆட்டோகிராஃப் நோட்டு வகுப்பைச் சுற்றிவரும். வருஷம் பூராவும் பேசாத பையன்கூட, ‘என்னை மறந்துவிடாதே’ என்று எழுதுவான். நல்ல மனசுதான். ஆனால் கீழே கையெழுத்தை மட்டும் டாக்டர் சீட்டு மாதிரி கிறுக்கிவிடுவான். இன்றைக்கு அந்த நோட்டைப் புரட்டினால், யாரை மறக்கக் கூடாது என்பதுதான் தெரியாது!