மலையாற்றூர் மலையும் பெரியாறும்

கொச்சித் துறைமுகத்தின் நடுவே வெலிங்டன் தீவு என்றொரு நிலம் உளது. அங்கே மலை இல்லை, குன்றும் இல்லை. கண்ணுக்கெட்டிய தொலைவு சமதரையே. துறைமுக அலுவலகமும், சுங்க அலுவலகமும், கடற்படைத் தளமும், பண்டகசாலைகளும், அவற்றைச் சூழ்ந்த காயல் நீருமே அத்தீவின் காட்சி. அத்தகைய இடத்தில் அலுவல் பார்க்கும் ஒருவன் மலையைப் பற்றிப் பேச வந்தது சிலருக்கு வியப்பாய்த் தோன்றலாம். ஆயினும் அத்தீவின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினால், அது மலையில்தான் சென்று முடியும்.

1920-ஆம் ஆண்டில் ராபர்ட் பிரிஸ்டோ என்னும் ஆங்கிலப் பொறியாளர் கொச்சிக்கு வந்தார். முகத்துவாரத்தை மறித்துக் கிடந்த மணல் திட்டை வெட்டி, பெருங்கப்பல்கள் உள்ளே வருவதற்கு வழி அமைத்தார். 1928-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் நாள் ‘பத்மா’ என்னும் நீராவிக் கப்பல் உள்துறைமுகத்தினுள் நுழைந்தது. கப்பல் வழியை ஆழப்படுத்தியபோது அள்ளிய சேற்றையும் மணலையும் ஒருபுறம் கொட்டி உயர்த்திய நிலமே, அந்நாளைய வைசிராயின் பெயரால் வெலிங்டன் தீவு ஆயிற்று. அந்தச் சேறு எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி கடல் ஒதுக்கியது. மற்றொரு பகுதி, பெரியாறு முதலிய ஆறுகள் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து ஆண்டாண்டாய் அரித்துக் கொணர்ந்த வண்டல். ஆகவே, தீவில் நிற்பவர் கரைந்து வந்த மலையின்மேல் நிற்கிறார் என்று கூறினால் அது வெறுங்கற்பனை அன்று.

அந்தப் பெரியாற்றின் கரை வழியே மேலே செல்வோம். ஆலுவா நகரில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை வடமேற்கே கொடுங்கோளூர்ப் பக்கம் செல்ல, மற்றொன்று தெற்கே கொச்சிக் காயலை நோக்கி இறங்குகிறது. ஆலுவாவைக் கடந்து அங்கமாலி, காலடி வழியாகச் சென்றால், தீவிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் மலையாற்றூர் வந்துசேரும். மலை, ஆறு, ஊர் என்னும் மூன்று சொற்களை வரிசையாய் வைத்தாற்போன்ற பெயர். மொழிபெயர்ப்பவனுக்கு ஒரு வேலையும் வையாத பெயர் இது. அங்கு மலையும் ஆறும் ஊரும் அவ்வாறே அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன.

மலையின் உச்சிக்குக் குரிசுமுடி என்று பெயர். முடி என்பது நம் சொல்லே. குரிசு என்பது சிலுவையைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லின் திரிபு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாம் வழங்கும் சிலுவை என்னும் சொல் சிரியாக் மொழியிலிருந்து வந்தது. சிரியாக் வழிபாட்டை நெடுங்காலம் போற்றிய மலையாள நாட்டினர் பேச்சில் போர்ச்சுகீசியச் சொல்லைப் பெரிதும் வழங்க, போர்ச்சுகீசியப் பாதிரிமார் முத்துக்குளித்துறையில் சமயம் பரப்பிய தமிழ்நாட்டில் சிரியாக் சொல் நிலைத்துவிட்டது. சொற்கள் மனிதர் எதிர்பார்க்கும் வழியில் பயணம் செய்வதில்லை.

ஏசுநாதரின் சீடருள் ஒருவரான தோமையர் கி.பி. 52-ஆம் ஆண்டில் கொடுங்கோளூரில் கரையிறங்கினார் என்பது மரபு. அவர் இம்மலையின்மேல் தனித்திருந்து தவம் புரிந்தார் என்றும், பாறையில் விரலால் சிலுவைக் குறி வரைந்து வழிபட்டார் என்றும் இவ்வூரார் கூறுவர். பிற்காலத்தில் மலையில் தங்கிய வேடர்கள் இரவில் பாறையொன்று ஒளிர்வதைக் கண்டனர். அதனை ஆயுதத்தால் தட்டியபோது குருதி பெருகிற்று. அங்கே பொற்சிலுவை ஒன்று தோன்றிற்று என்பது மற்றொரு கதை. பாறையில் பதிந்துள்ள தோமையரின் அடிச்சுவடு என்று ஓரிடத்தை இன்றும் காட்டுகின்றனர். கல்வெட்டுச் சான்று கேட்கும் ஆராய்ச்சியாளர் இவற்றைக் கேட்டுப் புன்முறுவல் செய்யலாம். ஆனால் நூற்றாண்டுகளாக இலட்சக்கணக்கான கால்கள் தேய்த்த பாதையும் ஒருவகைச் சான்றே என்பது என் கருத்து. தமிழ்நாட்டு நேயர்களுக்குச் சென்னைப் பரங்கிமலை நினைவுக்கு வரும். தோமையர் கி.பி. 72-இல் உயிர் நீத்த இடம் அதுவென மரபு கூறும். ஆக, ஒரே அடியவரின் பெயரால் மேலைக் கடற்கரை நாட்டில் ஒரு மலையும் கீழைக் கடற்கரையில் ஒரு மலையும் விளங்குகின்றன. தமிழகத்திலிருந்து மலையாற்றூருக்கு வரும் யாத்திரிகர் பலர். அவர்களுக்கு அது அயலூராகத் தோன்றுவதில்லை.

தவக்காலத்தில், சிறப்பாகப் பெரிய வெள்ளியன்றும், உயிர்த்த ஞாயிற்றுக்கு அடுத்து வரும் புதுஞாயிற்றன்றும், மலை முழுவதும் மக்கள் வெள்ளம். வழியில் சிலுவைப்பாதையின் 14 நிலைகளும் அமைந்துள்ளன. பாதை செம்மையானதன்று, கூழாங்கல்லும் கரடுமுரடான பாறையுமாகச் செங்குத்தாய் ஏறுகிறது. உடல்நலம் உள்ளவர்க்கே ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். தோளில் மரச்சிலுவை சுமந்து ஏறுவோர் உளர். முதியோர் கைத்தடி ஊன்றி, நிலைக்கு நிலை அமர்ந்து அமர்ந்து ஏறுவர். பொன்மலை ஏறுகிறோம் என்று முத்தப்பனை விளித்து அவர்கள் எழுப்பும் குரல், சபரிமலைக்குச் செல்வோரின் சரண ஒலியைக் கேட்டுப் பழகிய செவிக்குச் சற்றும் புதியதன்று. மலை ஏறுவோர் எச்சமயத்தவராயினும் மூச்சிரைப்பு ஒன்றே.

உச்சியில் பழைய சிறு கோவில் ஒன்று இருக்கிறது. அதற்கு ‘ஆனை குத்திய பள்ளி’ என்று பெயர். காட்டு யானைகள் வந்து தந்தத்தால் குத்திய தழும்பு என்று அதன் சுவரில் சில வடுக்களைக் காட்டுவார்கள். அடர்காட்டை அடுத்த மலையில் ஆலயம் எழுப்பிய மனிதரும், அங்கே தமக்கு முன்பே உரிமை உண்டென்று கருதிய யானைகளும் நடத்திய வழக்கின் ஆவணம் அந்தச் சுவர். அம்மலையில் நான் மிகவும் விரும்பிப் பார்ப்பது அதனையே.

உச்சியில் நின்று நோக்கினால் ஒருபுறம் பசுங்காடு. மறுபுறம் தென்னந்தோப்புகளுக்கும் வயல்களுக்கும் இடையே வளைந்து செல்லும் பெரியாறு. அக்காட்சியைக் காணும் தமிழருக்குச் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் நினைவுக்கு வராமல் இராது. சேரன் செங்குட்டுவன் தன் தேவி வேண்மாளுடன் மலைவளம் காண விரும்பிப் பெரியாற்றின் மணற்கரையில் தங்கினான். குன்றக் குறவர் யானைத் தந்தமும், அகிலும், சந்தனமும், தேனும், இன்னும் பலவும் தலைமேல் சுமந்து வந்து அவன் முன் வைத்தனர். வைத்துவிட்டு, வேங்கை மரத்தின் நிழலில் ஒருத்தி நின்றதையும், அவள் கணவனோடு விண்ணுலகு சென்றதையும் கூறினர். கண்ணகியின் முடிவு சேர நாட்டு மன்னனின் செவியை எட்டியது அக்கரையில்தான். வஞ்சி கரூரே என்பாரும் கொடுங்கோளூரே என்பாரும் இன்னும் வழக்காடி ஓய்ந்தபாடில்லை. எது வஞ்சியாயினும், ஆறு பெரியாறு என்பதை நூல் ஐயமின்றிச் சொல்கிறது. செங்குட்டுவன் தங்கிய மணல்மேடு இதுதான் என்று நான் கூறத் துணியேன். ஆனால் குறவர் சுமந்து வந்த பொருள்களின் பட்டியல், இம்மலைகளின் இயற்கைச் செல்வத்திற்கு நம் மொழியில் எழுதப்பட்ட மிகப் பழைய இருப்புக் கணக்குகளுள் ஒன்று.

அச்செல்வம் ஆற்றின் வழியே கடலுக்கு இறங்கியது. அகநானூற்றின் 149-ஆம் பாட்டு, யவனர் கலங்கள் சேரரின் பேரியாற்றில் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டதைச் சொல்கிறது. அந்த முசிறித் துறை பின்னர் மங்கியது. 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருவெள்ளம் தோன்றி முசிறியின் முகத்துவாரத்தைத் தூர்த்துக் கொச்சியின் முகத்துவாரத்தைத் திறந்தது என்று வரலாற்றாசிரியர் கூறுவர். ஒரு துறைமுகத்தை மூடியதும் மற்றொன்றைத் திறந்ததும் மலையிலிருந்து வந்த அந்த ஆறே.

மலையாற்றூரின் பெயரைத் தம் பெயருக்கு முன்னே தாங்கிய ஒருவரைப் பற்றியும், வெளி மாநிலங்களில் வாழும் தமிழராகிய உங்களிடம் சொல்லவேண்டும். மலையாற்றூர் இராமகிருஷ்ணன் மலையாளத்தின் பெரும் நாவலாசிரியருள் ஒருவர். இந்திய ஆட்சிப் பணியில் இருந்தவர். 1927-ஆம் ஆண்டில் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, 1997-இல் மறைந்தார். 1966-இல் வெளிவந்த அவருடைய ‘வேருகள்’ என்னும் நாவல், மலையாள நாட்டில் குடியேறிய தமிழ் ஐயர் குடும்பம் ஒன்றின் கதை. உயர் பதவி பெற்று நகரத்தில் வாழும் மகன், மனைவியின் தூண்டுதலால், பூர்வீக வீட்டையும் நிலத்தையும் விற்றுவிட ஊருக்கு வருகிறான். வந்த இடத்தில் அவனால் விற்க முடியவில்லை. அவன் குடும்பத்தின் வேர் தமிழில் இருந்தது. ஆனால் அவனைப் பிடித்து நிறுத்திய வேர் மலையாள மண்ணில் இறங்கியிருந்தது. பம்பாயிலோ, தில்லியிலோ, கல்கத்தாவிலோ இரண்டு தலைமுறையாய் வாழும் தமிழர், ஊரில் உள்ள வீட்டை வைத்துக்கொள்வதா விற்பதா என்று கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போது, இந்நாவலை ஒருமுறை படிப்பது நல்லது. விடை கிடைக்கும் என்று உறுதி கூறமாட்டேன், கேள்வி தெளிவாகும்.

மலையடிவாரத்திலும் ஆற்றங்கரையிலும் காணத்தக்கவை பல. இல்லித்தோடு செல்லும் பாதையில், ஆற்றை ஒட்டி மகோகனி மரத் தோட்டம் ஒன்று நிழல் பரப்பி நிற்கிறது. கோடையின் நண்பகலிலும் அங்கே வெயில் நிலத்தைத் தொடுவது அரிது. அக்கரையில் கோடநாடு. ஒருகாலத்தில் காட்டு யானைகளைக் குழியில் வீழ்த்திப் பிடித்துவந்து, பருத்த மரக்கட்டைகளாலான கூட்டில் அடைத்துப் பழக்கிய இடம் அது. அவ்வழக்கம் ஒழிந்தது, கூடு மட்டும் நிற்கிறது. ஆற்றின் போக்கில் சில கிலோமீட்டர் கீழே இறங்கினால் சங்கரர் பிறந்த காலடி. ஆக, ஓர் ஆற்றின் இக்குறுகிய நீளத்தில் அத்வைதம் உரைத்தவரின் பிறப்பிடமும், தோமையரின் தவமலையும் அமைந்துவிட்டன.

இத்தனை வளத்திற்கும் காரணமான ஆறு இன்று நலமாக இருக்கிறதா? 244 கிலோமீட்டர் ஓடும் இதன் நீரில் ஒரு பகுதியை, 1895-ஆம் ஆண்டில் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை வைகைக்குத் திருப்பியது. மதுரைச் சீமையின் வயல்கள் அதனால் விளைகின்றன. எஞ்சிய நீர் மின்னாற்றல் தந்து இறங்கி, ஆலுவாவில் இறைக்கப்பட்டுக் கொச்சி மக்களின் குடிநீராகிறது. மதுரைக்காரரும் கொச்சிக்காரரும் ஒரே ஆற்றின் நீரைக் குடித்துக்கொண்டு வழக்கு நடத்துகிறார்கள்! அவ்வழக்கில் நான் தலையிடவில்லை. ஆனால் காலடிக்கும் ஆலுவாவுக்கும் இடையே பல்லாண்டுகள் கட்டடத்திற்காக மணல் அள்ளியதால் ஆற்றின் அடித்தளம் தாழ்ந்துவிட்டது. கோடையில் கடலின் உப்பு நீர் மேலேறி வருகிறது. அதைத் தடுக்கத் தற்காலிக அணைகள் கட்டவேண்டியிருக்கிறது. ஆற்றுமணலைக் காக்கக் கேரள அரசு 2001-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. மணல் வர நூற்றாண்டுகள் ஆகும். அள்ளிச் செல்ல ஒரு லாரி போதும். சட்டம் எவ்வளவு விரைந்தாலும் லாரிக்குப் பின்னேதான் ஓடவேண்டியிருக்கிறது.

2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆறு தன் பழைய வலிமையைக் காட்டியது. பெருமழை பொழிந்தது. 1992-க்குப் பின் முதன்முறையாக இடுக்கி நீர்த்தேக்கத்தின் மதகுகள் ஆகஸ்டு 9-ஆம் நாள் திறக்கப்பட்டன. காலடியும் ஆலுவாவும் நீரில் மூழ்கின. நெடும்பாசேரி விமான நிலையம் ஆகஸ்டு 15 முதல் 29 வரை மூடிக் கிடந்தது. அப்போது பயணிகள் விமானங்கள் இறங்க இடம் தந்தது வெலிங்டன் தீவில் உள்ள கடற்படை விமானத் தளம். சேற்றைக் கொட்டி மனிதர் ஆக்கிய தீவு, அந்நாள்களில் ஒரு நகரத்தின் வான்வாயிலாய் நின்றது.

மலையாற்றூருக்குச் செல்ல விரும்புவோர் மழைக்காலத்தைத் தவிர்க்கவேண்டும், பாறை வழுக்கும். கூட்டத்தையும் வழிபாட்டையும் காண விழைவோர் தவக்காலத்தில் செல்லலாம். மலையையும் காட்டையும் காண விழைவோருக்கு மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையே உகந்தது. குடிநீர் எடுத்துச் செல்க. ஆனால் வெறும் புட்டியை மலைமேல் விட்டு வராதீர்கள். விழாக்காலம் முடிந்தபின் பாதையோரம் குவிந்து கிடக்கும் பிளாஸ்டிக்கைக் கண்டவர் இவ்வேண்டுகோளை மிகையென்று கருதார். முதல் மழையில் அது ஓடைக்கு இறங்கும்; ஓடையிலிருந்து பெரியாற்றுக்கும், அங்கிருந்து காயலுக்கும் வந்துசேரும். கொச்சித் துறைமுகத்தில் தூர் வாரும் பணி ஆண்டுதோறும் நடக்கிறது. கப்பல் வழியில் படிந்த வண்டலை வாரிகள் மீண்டும் மீண்டும் அள்ளுகின்றன. மலை இன்னும் கரைந்து வந்துகொண்டுதான் இருக்கிறது.