பயணமும் படப்பெட்டியும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இரயிலில் இரண்டாம் வகுப்புப் பயணி 35 கிலோவும், படுக்கை வகுப்புப் பயணி 40 கிலோவும் கட்டணமின்றிக் கொண்டு செல்லலாம் என்பது விதி. விதி இடங்கொடுக்கிறது என்பதற்காக அத்தனையையும் தோளில் ஏற்ற வேண்டுமோ? ஊருக்குப் புறப்படுகையில் நேந்திரங்காய் வறுவலுக்கும் கைக்குழந்தைக்குமே நமக்குக் கை போதுவதில்லை. அதனிடையே காமிராப் பை, மூன்று லென்சு, முக்காலி வேறு!

சிறு காமிரா பிறந்த கதையே சுமையால் வந்த கதைதான். ஜெர்மானியத் தொழில் வல்லுநர் ஆஸ்கர் பார்னாக் என்பார் ஆஸ்துமா நோயாளி. கண்ணாடித் தகடுகள் கொண்ட பெரும் பெட்டியைத் தூக்கி மலையேற அவரால் இயலவில்லை. ஆகவே சினிமாப் பிலிமைக் கொண்டு கைக்கடக்கமான காமிரா ஒன்றைச் சமைத்தார். 1925இல் 'லைக்கா' என்னும் பெயருடன் அது விற்பனைக்கு வந்தது.

அக்காமிராவோடு பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்சு ஒன்றையே கொண்டு உலகைச் சுற்றியவர் பிரெஞ்சுக்காரரான ஹென்றி கார்த்தியே-பிரஸ்ஸோன். 1948 ஜனவரி 30 அன்று அவர் தில்லியில் காந்தியடிகளைக் கண்டு திரும்பினார். சற்று நேரத்தில் அடிகள் சுடப்பட்டார். அன்றிரவு பிர்லா மாளிகை வாயிலில் நேரு துயரச் செய்தியை அறிவித்ததை, இருந்த மங்கல் ஒளியிலேயே அவர் படமெடுத்தார். அதே இரவில், உடல் கிடந்த அறையில் பளிச்சொளி விளக்கைப் பயன்படுத்திய அமெரிக்கப் படப்பிடிப்பாளர் மார்கரெட் போர்க்-ஒயிட் வெளியேற்றப்பட்டார் என்பர். துக்க வீட்டில் கருவியின் ஆரவாரத்தை யார் பொறுப்பார்?

நம்மவருள் ஏ.கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றவர். காந்தியடிகளைப் பற்றிய படத்திற்காக ஏறத்தாழ இலட்சம் மைல் பயணம் செய்து 50,000 அடி பிலிம் திரட்டினார். 1940இல் வெளியான படமோ 12,000 அடிதான். திரட்டியதில் முக்காற் பங்கை விட்டுவிட அவருக்கு மனம் இருந்தது!

இனி நம் ஊருக்கு வருவோம். பத்மநாபசுவாமி கோயிலுக்குள் காமிராவும் கைப்பேசியும் கொண்டு செல்லலாகாது. பை பெரிதாயின், வீட்டில் ஒருவர் வெளியே காவல் நிற்க நேரும். அனந்தசயனத்தை அவர் காண்பது எப்போது? மழையும் ஈரமும் மிகுந்த இவ்வூரில், எடுத்து ஆளாது பெட்டியில் பூட்டிய லென்சில் பூசணம் படர்வது இன்னொரு தொல்லை.

கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையை ஒரே லென்சால் எடுப்பது எங்ஙனம் என்று கேட்கலாம். அடியில் நின்றால் பாதந்தான் கிட்டும். கரையிலிருந்து எடுத்தால் கடலும் பாறையும் சிலையும் சேர்ந்தே அமையும். நம் கால்களே தூரத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்லவை.

ஊரில் முதியோரைப் படமெடுப்பதுதான் நமக்கு முதன்மையான வேலை. ஆண்டுக்கொருமுறை காணும் பாட்டியின் முன் முக்காலியை விரித்தால், அவர் முகம் இறுகிவிடும். கையிலுள்ளது கைப்பேசியே ஆயினும், அவர் வெற்றிலை மடிக்கும்போது திண்ணையில் உடனமர்ந்து எடுங்கள். சாளரத்து ஒளி போதும். மாற்று மின்கலம் ஒன்று, லென்சு துடைக்க மெல்லிய துணி, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை: இவ்வளவே துணைப்பொருள். பின்னர்க் காமிராவைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டு, படம் எடுப்பவரும் பாட்டியின் அருகில் சென்று அமர வேண்டும். நம் வீட்டு ஆல்பங்கள் பலவற்றில் தந்தையார் படத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.