கல்லும் காகித மணியும்

உகண்டா நாட்டின் தலைநகராகிய கம்பாலாவின் கிழக்குப் புறத்தே கிரெக்கா என்றொரு குன்று உண்டு. அங்குள்ள கற்குழியிலே, வெய்யிலிற் குந்தியிருந்து, சுத்தியலாற் கல்லைச் சல்லியாக உடைத்துக் கூலி பெற்று வாழ்ந்தனர் பல பெண்கள். வடபுலத்துப் போருக்கு அஞ்சி ஓடிவந்த அச்சோலி இனத்தவர் அவருட் பலர். கணவரை இழந்தோரும் எச்.ஐ.வி. கிருமி தொற்றியோரும் அவர்களிடையே இருந்தனர்.

இத்தகைய பெண்களுக்குத் தொண்டு செய்ய முன்வந்தவர் ரோஸ் புசிங்யே என்னும் தாதி. 1992 ஆம் ஆண்டில் ‘மீற்றிங் பொயின்ற்’ என்னும் நிலையத்தை அவர் தொடங்கினார். கிருமியை அடக்கும் மருந்து கைக்கு எட்டிய பின்னரும் சில பெண்கள் அதனை உட்கொள்ளவில்லை. வாழ்வதற்கு ஒரு காரணமும் காணாதவருக்கு மருந்து எதற்கு? தம் உயிருக்கும் மதிப்புண்டு என்னும் உணர்வு முதலில் வேண்டும் என்பதை அத்தாதி கண்டார்.

அவ்வுணர்வை வளர்த்தவற்றுள் ஒன்று கைத்தொழில். பழைய காகிதத்தை நீண்ட முக்கோணக் கீற்றுகளாக வெட்டி, அகன்ற முனையிலிருந்து மெல்லிய ஊசியிற் சுருட்டி, நுனியைப் பசையால் ஒட்டினால், நடுப்பருத்த மணியொன்று உருவாகும். வார்னிஷ் பூசி உலர்த்திக் கோத்தால் அழகிய மாலையாகும். கல்லுடைக்கும் வலு குன்றியவரும் வீட்டு நிழலிலிருந்தே இதனைச் செய்யலாம். இக்கிருமி தொடுகையாலோ, தொட்ட பொருளாலோ பரவுவதில்லை. ஆதலின் வாங்குவோர் அஞ்சவேண்டியதும் இல்லை.

மணியைச் சுருட்டுவது எளிது, விற்பதே அரிது. தொண்டர்களின் உதவி பெரிதும் வேண்டப்படுவது இங்கேதான். அயல்நாட்டு நண்பர்கள் இம்மாலைகளை எடுத்துச் சென்று விற்றுப் பணத்தைப் பெண்களிடம் சேர்ப்பித்தனர். கிடைத்தது பிச்சையன்று, வேலைக்குரிய விலை. அது சோறாயிற்று, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமாயிற்று. வெறும் வயிற்றுடன் நாள்தோறும் மருந்து உண்பது எத்துணைக் கடினம் என்பதை அறிந்தவருக்கு, அவ்வருவாயும் வைத்தியத்தின் ஒரு பகுதியே என்பது விளங்கும்.

2005 ஆம் ஆண்டில் ‘கத்ரீனா’ என்னும் பெரும்புயல் ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரைப் பாழாக்கியது. அச்செய்தி கேட்ட அப்பெண்கள், கல்லுடைத்துத் தேடிய காசிற் சேர்த்து, வீடிழந்த அமெரிக்க மக்களுக்கு அனுப்பினர். செல்வ நாட்டுக்கு வறியவர் உதவுவதா என்று வியந்தோர் பலர். பின்னர் அவர்கள் தம் பிள்ளைகளுக்கென நல்லதொரு பள்ளிக்கூடம் வேண்டுமென விரும்பினர். கம்பாலாவில் அப்பள்ளி எழுவதற்கும் மாலை விற்ற பணம் துணைநின்றது.

நோயுற்றவரை என்றும் ஏந்தும் கையாகவே வைத்திருப்பது தொண்டன்று. தொழிலைக் கற்பித்து, சந்தையைக் காட்டி, கணக்கை நேர்மையாக ஒப்புவித்து, அவர் தம் காலில் நிற்கும் நாளிற் சற்றே விலகி நிற்பதுதான் தொண்டு. அதன் பயனை அளப்பதற்கு விற்ற மாலைகளின் தொகை மாத்திரம் போதாது. வாங்கிப் பழகிய கை என்று கொடுக்கத் தொடங்கியது என்பதையும் பார்த்தல் வேண்டும். கிரெக்காவின் பெண்கள் அந்நாளைக் கண்டுவிட்டனர்.