ராத்திரி சாப்பிடலையே, காலையில சுகர் எப்படி ஏறுச்சு?

ஒரகடத்துல வேலை பார்க்குற நண்பர் ஒருத்தர் தன்னோட பிளட் டெஸ்ட் ரிப்போர்ட்டை அனுப்பியிருந்தார். வயசு 29. வெறும் வயித்துல சுகர் 112. "ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒண்ணுமே சாப்பிடல. அப்புறம் இந்தச் சர்க்கரை எங்கேருந்து வந்துச்சு?"ன்னு கேட்டார். இன்னைக்கு அந்த ஒரு கேள்விதான்.

பதில், கல்லீரல்லேருந்து வந்துச்சு. நாம தூங்கும்போதும் மூளைக்குக் குளுக்கோஸ் வேணும். கல்லீரல் தான் சேர்த்து வெச்ச கிளைகோஜனை உடைச்சுக் கொடுக்கும், புதுசாவும் தயாரிக்கும். "போதும், நிறுத்து"ன்னு சொல்றது இன்சுலின். ஆனா அது நேரா செல்லுக்குள்ள போய்ச் சொல்றதில்ல. செல்லோட மேல்சவ்வுல இன்சுலின் ஏற்பின்னு ஒரு புரதம் இருக்கு. இன்சுலின் அதுல வந்து ஒட்டினாத்தான் சேதி உள்ள போகும்.

இப்போ ஸ்ரீபெரும்புதூர், வல்லம், ஒரகடம் பக்கம் ஷிப்ட் வாழ்க்கையை யோசிங்க. நைட் ஷிப்ட்ல நாலு டீ, கம்பெனி பஸ்ல இறங்கினதும் பரோட்டா, அப்படியே தூக்கம். செலவாகாத சக்தி கொழுப்பா மாறி வயித்துலயும் கல்லீரல்லயும் படியுது. கல்லீரல் செல்லுக்குள்ள சேர்ற ஒரு வகைக் கொழுப்பு ஒரு நொதியைத் தூண்டிவிட, அது ஏற்பியோட வேலையைக் கெடுக்குதுங்கிறது அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்தின் ஜெரால்டு ஷுல்மன் குழு முன்வைக்கிற விளக்கம். இன்சுலின் கதவைத் தட்டுது, உள்ள சரியா கேக்கல. அதனால குளுக்கோஸ் உற்பத்தி நிக்கல. கணையம் இன்னும் அதிகமா இன்சுலினை அனுப்புது. வேடிக்கை என்னன்னா, கொழுப்பு தயாரிக்கிற வேலை மட்டும் கல்லீரல்ல நிக்காம நடக்குது. பிரச்சினை ரெட்டிப்பாகுது.

"நான் ஒல்லிதானே"ன்னு தப்பிக்க முடியாது. 2006ல அதே குழு பார்த்தப்போ, ஒல்லியா இருந்த இந்திய வம்சாவளி ஆண்கள்கிட்டயும் கல்லீரல் கொழுப்பு மத்தவங்களைவிட அதிகமா இருந்துச்சு.

சரி, என்ன செய்யலாம்? நம்ம ஊர்லயே ஒரு நல்ல பதில் இருக்கு. சென்னை டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோய் வர்ற கட்டத்துல இருந்த, வேலைக்குப் போற 537 ஆண்களை 2 வருஷம் கவனிச்சாங்க. எல்லாருக்கும் ஆரம்பத்துல ஆலோசனை உண்டு. பாதிப் பேருக்கு மட்டும் சாப்பாடு, நடை பத்தி அடிக்கடி எஸ்எம்எஸ் போச்சு. 2013ல முடிவு வந்துச்சு. எஸ்எம்எஸ் வராதவங்கள்ல 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். வந்தவங்கள்ல 18 சதவீதம்தான். புது மருந்து எதுவும் இல்ல, ஞாபகப்படுத்த ஒரு ஆள் இருந்த மாதிரி, அவ்வளவுதான்.

நண்பருக்குச் சொன்னது இதுதான்: 112ங்கிறது தீர்ப்பு இல்ல, முன்னெச்சரிக்கை. 126ஐத் தொட்டாத்தான் சர்க்கரை நோய்ங்கிற கணக்கு. எடை கொஞ்சம் குறைஞ்சாலே கல்லீரல் கொழுப்பு சீக்கிரம் இறங்கும், ஏற்பிக்கும் காது கேட்க ஆரம்பிக்கும். டாக்டரைப் பாருங்க, மூணு மாச சராசரி காட்டுற ஹெச்பிஏ1சி எடுங்க. டீயில சர்க்கரையைப் பாதியாக்குங்க. ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கி ரூமுக்கு நடங்க. ரூம்மேட்டையும் கூட்டிட்டுப் போங்க. எஸ்எம்எஸ் வேலையை அவர் பார்த்துக்குவார்.