பழைய மேளத்துக்கு என்ன விலை?



ஜொகூர் மாநிலத் தோட்டங்களில், கோயில் அறையிலோ வீட்டு மூலையிலோ தோல் கிழிந்த தவில், மிருதங்கம், உறுமி என ஏதேனும் ஒன்று கிடப்பதுண்டு. தோட்டம் கைமாறி லயத்தைக் காலி செய்யும்போது, “கிழிந்த மேளம் எதற்கு?” என்று கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுகிறோம். கொடுக்குமுன் அதன் தரத்தை அறிய வேண்டாமா?

முதலில் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். தோல் தேயும், கிழியும், மாற்றப்படும். மிருதங்கத்தின் வலந்தலையில் உள்ள கருப்புச் சாதமும் அவ்வப்போது புதிதாக இடப்படுவதே. நிலைத்து நிற்பது கட்டை. தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் பலாமரக் கட்டையே சிறந்தது. தமிழ்நாட்டுப் பண்ணுருட்டிப் பலா இதற்குப் பெயர் பெற்றது. ஆகவே கிழிந்த தோலைக் காட்டி விலையைக் குறைப்பவரிடம், கட்டையைக் காட்டிப் பேசுங்கள்.

கட்டையை எப்படிச் சோதிப்பது? தோல் கழற்றியிருந்தால், இருட்டறையில் உள்ளே கைவிளக்கை வைத்துப் பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் வெடிப்பு ஊடுருவியிருக்கிறது என்று பொருள். தட்டினால் மாவுபோல் தூள் உதிர்ந்தால் பூச்சி அரிக்கிறது. புதுச் சாயம் பளபளத்தால் இன்னும் கவனம் தேவை. அதன் கீழே ஒட்டுப்போட்ட இடம் மறைந்திருக்கலாம். வெடிப்பும் பூச்சியும் இன்றி, வாய் விளிம்பு சமமாக இருந்தால் முதல் தரம். மேலோட்டமான கீறல் இருந்தால் இரண்டாம் தரம். ஊடுருவிய வெடிப்பு என்றால் மூன்றாம் தரம்.

இனி விலை. வாசிப்பவருக்கு வேண்டியது நாதம். அதே அளவுள்ள புதுத் தவில் 2,000 வெள்ளி, தோல் மாற்ற 400 வெள்ளி என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். முதல் தரக் கட்டைக்கு 1,600 வெள்ளியிலிருந்து பேச்சைத் தொடங்கலாம். கட்டையின் குறைக்கேற்ப விலை இறங்கும்.

சேகரிப்பவரின் கண் வேறு. அவருக்கு வேண்டியது பழைமை. முன்னாளில் தவிலைத் தோல்வாரால் இழுத்துக் கட்டினார்கள். இன்று எஃகு வளையமும் திருகாணியும் பூட்டுகிறார்கள். திருகாணி பூட்டினால் வாசிப்பவருக்குச் சுருதி சேர்ப்பது எளிது; சேகரிப்பவருக்கோ மதிப்புக் குறையும். எனவே யாருக்கு விற்கப்போகிறோம் என்று தெரியாமல் பழைய வாரை அறுக்காதீர்கள். கட்டையைச் சுரண்டிச் சாயம் பூசாதீர்கள்.

இத்தாலியில் 1737ஆம் ஆண்டு மறைந்த ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்களை உலகம் இன்றும் பெருவிலை கொடுத்து வாங்குகிறது. அவற்றின் தந்திகள் எத்தனையோ முறை மாறியவை. மரமும் செய்தவர் பெயருமே அந்த மதிப்பைத் தாங்குகின்றன. நம் மேளங்களிலோ பெரும்பாலும் செய்தவர் பெயர் இராது. அதனால் யார் வாசித்தது, எந்தத் தோட்டத்துக் கோயிலில், எந்த ஆண்டு என்று பெரியவர்களைக் கேட்டு, பிள்ளைகளைக் கொண்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தத் தாளும் விலையில் ஒரு பங்கு.

கோயில் பொதுப்பணத்தில் வாங்கிய மேளமாயின், ஒருவர் மட்டும் விலை பேசலாகாது. சபை கூடி முடிவு செய்வதே முறை.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். ஒலி அடங்கிய மேளத்துக்கும் அது பொருந்தும். விற்பதா, தோல் மாற்றிப் பிள்ளைகள் கையில் கொடுப்பதா என்பது உங்கள் விருப்பம். ஆனால் மதிப்பை அறிந்த பின்னரே முடிவு செய்யுங்கள்.